பயணம் சொல்ல ஒரு கம்ப்யூட்டர்

நீடாமங்கலம் கடைத்தெருவில், ஓர் உரக்கடையின் மாடியில் காவிரிப் படுகை குவாரி பயனர் பேரவை என்று ஒன்று இருந்தது. கூத்தாநல்லூர் ரசியா பேகம் அதில் உறுப்பினர் ஆனது அவளுக்கே தெரியாது. புருஷன் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். அப்படிக் கேட்பது ஒரு குற்றமா என்றால், பேரவையின் பார்வையில் குற்றம்தான்.

அவள் புருஷன் ஹாஜா மைதீன் சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய மளிகைக் கடையில் வேலை பார்த்தார். இவள் மாசமாக இருக்கும்போது விமானம் ஏறியவர். பெண் பிறந்ததும், தஹ்மீனா என்று பேர் வைத்ததும் எல்லாம் அவருக்குப் போனில்தான் நடந்தது. போட்டோ அனுப்பினார்கள். "போட்டோவுல எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கு ரசியா. அவ சிரிக்கிறத நான் பாக்கணும். அவளும் என்னைப் பாத்துப் பழகணும். இல்லேன்னா நாளைக்கு வந்து நிக்கையில யாரோன்னு ஓடும்" என்றார். ஊருக்கு வந்த ஒருவரிடம் லுங்கிக்குள் சுற்றி ஒரு வெப்கேம் கொடுத்தனுப்பினார். பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கைப்பிள்ளையோடு திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து புருஷனோடு பேசினால், வெளியே முறைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் குடும்பத்தில் ஒருவராகிவிடுவார்கள். ஆகவே வீட்டிலேயே கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் என்றதும் ரசியாவின் தம்பி ஃபஹத் குதித்துக்கொண்டு முன்னால் வந்தான். தஞ்சாவூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவன் அப்போதுதான் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தான். துறைத் தலைவர் பேராசிரியர் வைத்தியலிங்கம். அவர்தான் பேரவைக்கும் தலைவர். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது. வீட்டில் குவாரி போட்ட மாணவர்களுக்கு அந்தக் கை தாராளமாக நீளும் என்று கல்லூரியில் ஒரு பேச்சு இருந்தது.

குவாரி என்பது கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸில் ஒரு வகை. மற்ற வகைகள் சிடியில் சமைத்த சோறாக வரும். போட்டால் ஒரு மணி நேரத்தில் சாப்பிடலாம். குவாரியில் அந்தச் சௌகரியம் கிடையாது. மூல நிரலை மட்டும் கையில் கொடுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே உட்கார்ந்து அதை வரிவரியாகக் கம்பைல் செய்து, தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பசி என்று வந்தவனிடம் விதைநெல்லை நீட்டி, நாற்று விடு, நடு, அறு, அவி, குத்து, பிறகு பசியைப் பற்றிப் பேசலாம் என்கிற ஏற்பாடு. டெல்டாக்காரர்களின் ரத்தத்திலேயே இது இருக்கிறது என்று பேராசிரியர் சொல்வார். நெல் விளைவிக்கிறவர் ஒருவர்கூடப் பேரவையில் இல்லை.

நிறுவல் விழா ரசியா பேகத்தின் வீட்டுக் கூடத்தில் நடந்தது. பேரவையின் பேனரைக் கட்ட உத்தரத்துக் கொக்கி தேவைப்பட்டதால், தஹ்மீனாவின் தூளியை அவிழ்த்துக் கீழே வைத்தார்கள். பேராசிரியர் வைத்தியலிங்கம் கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேருக்காக, மன்னார்குடி வரை கேட்கும் குரலில் பேசினார்.

"நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டு பிஸ்கட் வருகிறது, வெளிநாட்டு ஷாம்பு வருகிறது. எல்லாம் ரெடிமேட். இந்த ரெடிமேட் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் நிற்பது நம் பேரவை ஒன்றுதான். நான் பல வருடங்களாகக் குவாரி மட்டுமே பயன்படுத்துகிறேன். என்னுடைய கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?"

ரசியா பேகம் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மரியாதைக்காக ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைத்து, "அதுல என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டாள்.

"அப்டேட் செய்வேம்மா."

"அது முடிஞ்சதும்?"

"முடியாதும்மா. அதுதானே இதோட சிறப்பே" என்றார் பேராசிரியர். எல்லாரும் கை தட்டினார்கள். தூளி அவிழ்ந்ததில் விழித்துக்கொண்ட தஹ்மீனா அழுதது.

அன்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தது. எறும்புச் சாரை மாதிரி கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது. எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நிரல் பொட்டலம் பொட்டலமாகத்தான் கம்பைல் ஆகும். நடுவில் கரண்ட் போனால், ஓடிக்கொண்டிருந்த பொட்டலம் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். கூத்தாநல்லூரில் கரண்ட் போவதற்குத் தனியாகக் காரணம் எதுவும் தேவையில்லை.

சித்திரை வெயிலில் பேரவைச் செயலாளர் கிளமென்ட் பார்வையிட வந்தான். வந்தவன் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த டேபிள் ஃபேன இதுபக்கம் திருப்பி வைங்க. பிராசஸர் கொதிக்குது" என்றான்.

"அது பிள்ளைக்கு வச்சிருக்கேன் தம்பி. முதுகெல்லாம் வேர்க்குரு."

"பிள்ளை தானா ஆறிக்கும்க்கா. பிராசஸர் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்."

ஃபேன் பெட்டியின் பக்கம் திரும்பியது. ரசியா பிள்ளைக்குப் பனை விசிறியால் வீசினாள். வீசுகிற கையை இழுத்து இந்தக் கிளமென்டின் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. தம்பியின் மார்க்கை நினைத்துப் பிள்ளைக்கே இன்னும் வேகமாக வீசினாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து ஹாஜா மைதீன் போன் செய்வார். கூட அறையில் இருப்பவர்கள் எல்லாம் நெட் கஃபேயில் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வெளியே நின்று பேசுவார்.

"என்னாச்சு ரசியா?"

"ஓடிக்கிட்டிருக்கு மச்சான்."

"இன்னுமா? எங்க ஓடுது?"

"மேல மச்சான்" என்பாள் ரசியா, திரையைப் பார்த்து. அதற்கு மேல் பேரவைக்கும் தெரியாது.

இதற்கிடையில் பேரவையின் வேண்டும்-வேண்டாம் குழு கூடியது. குவாரியில் ஒவ்வொரு வசதியையும் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வேண்டாததை வெட்டிவிட்டால் கம்ப்யூட்டர் பறக்கும். ரசியா பேகத்தின் கம்ப்யூட்டருக்கு எவையெல்லாம் வேண்டாம் என்று ரசியா பேகம் இல்லாத கூட்டத்தில் முடிவு செய்தார்கள். பிரிண்டர் வேண்டாம். தமிழ் எழுத்து வேண்டாம். ஒலி வேண்டாம்.

"சத்தம் இல்லாம எப்படி சார் பேசறது?" என்று அவள் ஃபஹத்தின் செல்போனில் பேராசிரியரைக் கேட்டாள்.

"பேசத்தான் போன் இருக்கேம்மா, இப்பக்கூட அதுலதானே பேசறோம்? ஒலியை எடுத்ததுல உங்க மெஷின் எவ்வளவு வேகம் தெரியுமா?"

"அது இன்னும் எதுவுமே செய்யலையே சார்."

"அதான் வேகம்" என்றார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அவள் ஒருநாள் கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த துரைராசுவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் ஒரு சிடியோடு வந்து, "தங்கச்சி, டீ ஆறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன்" என்று சட்டைக் கையை மடித்தார். செய்தி எப்படி நீடாமங்கலம் போனதோ, டீ ஆறுவதற்குள் ஒரு காரில் பேரவையின் தூதுக்குழு வாசலில் இறங்கியது. யாரும் அதட்டவில்லை. பேராசிரியர் வைத்தியலிங்கம் துக்க வீட்டுக்கு வந்தவர்போல் செருப்பை மெதுவாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"உங்க விருப்பம்மா. இது ஜனநாயக நாடு. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை." ஃபஹத்தின் தோளில் கை வைத்தார். "தம்பிக்கு இன்னும் நெறைய செமஸ்டர் இருக்கு."

துரைராசு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

தஹ்மீனா நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, வாசலில் ஐஸ்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை கேமரா வேலை செய்தது. தம்மாமில் ஹாஜா மைதீனின் திரையில் முதல் முறையாக அவர் மகள் தெரிந்தாள். தலைகீழாகத் தெரிந்தாள். போனில் அவர் சத்தம் வந்தது.

"ரசியா, பிள்ளைய ஏன் தொங்கவிட்டிருக்கீங்க?"

ஃபஹத் வெளிறிப்போய்ப் பேரவைக்குப் போன் போட்டான். கேமராவைத் தலைகீழாகச் செய்த கம்பெனியின் குற்றம் அது, குவாரியின் குற்றம் அல்ல என்று பேரவை உடனே அறிவித்தது. அதைச் சரிசெய்யும் நிரல் வரும்வரை பிள்ளையைக் காலைப் பிடித்துக் காட்டலாம் என்று கிளமென்ட் ஒரு யோசனை சொன்னான். ரசியா பேகம் கேமராவைப் பிடுங்கி, துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். தம்மாமில் பிள்ளை நேராக நின்றது. "நிமிந்துட்டா, நிமிந்துட்டா!" என்று போனில் ஹாஜா மைதீன் சின்னப் பிள்ளைபோல் கத்தினார். கஃபேயில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். அவர் முகம் இங்கே வரவில்லை. வருகிற படத்துக்கு வேறு ஒரு பொட்டலம் கம்பைல் ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் அன்று ரசியா சோறு பொங்கும்போது வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. துணிக்கொடியில் கேமரா தொங்குவது குவாரியின் கௌரவத்துக்கு இழுக்கு என்று பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. முறைப்படி சரிசெய்யக் கிளமென்ட் வந்தான். சரிசெய்வதற்கு முன்னால் ஒரு சின்ன அப்டேட் போட்டான். காலையில் கேமரா இல்லை. மவுஸும் இல்லை. திரையில் மறுபடி எழுத்து ஓடியது.

"என்னத்த தம்பி சரி பண்ணுனீங்க? நல்லாத்தானே இருந்துச்சு!"

"நல்லா இருந்துச்சுக்கா. ஆனா பழைய வெர்ஷனா இருந்துச்சு" என்றான் கிளமென்ட் வருத்தத்தோடு.

இப்படியே ஓடி, கடைசியில் ஹாஜா மைதீனுக்கு லீவு வந்துவிட்டது. பொட்டலம் வருவதற்குள் ஆளே வந்துவிட்டார். தஹ்மீனா அவர் பயந்த மாதிரியே ஓடி ஒளிந்தது. ரசியாவின் முந்தானைக்குப் பின்னால் இருந்து, "இது யாரும்மா?" என்று கேட்டது. அவர் சிரித்துச் சமாளித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் வெகு நேரம் முகம் கழுவினார். ரசியா அன்று பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அதைத் தூக்கி வெண்ணாற்றில் போட்டுவிடுவாள்.

பிள்ளைகள் மனது பெரிது. சில நாளில் தோளில் ஏறியது. பிறகு அவர் ஊட்டினால்தான் சாப்பிட்டது, அவர் மேல் கால் போட்டால்தான் தூங்கியது. அவர் பள்ளிவாசலுக்குப் போனால் செருப்பு விடுகிற இடம் வரை கூடவே போய் நின்றது.

பேரவை நலம் விசாரிக்க வந்தது. பேராசிரியர் வைத்தியலிங்கம் ஹாஜா மைதீனின் கையைக் குலுக்கினார். முகத்தில் ஏமாற்றத்தை மறைக்க முடியவில்லை.

"நேர்லயே வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"லீவு குடுத்தாங்க சார்" என்றார் ஹாஜா மைதீன், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"தப்பில்லை. ஆனா நேர்ல வர்றதுங்கறது ஒரு ரெடிமேட் தீர்வு. இப்ப வந்தீங்க, திரும்பப் போயிடுவீங்க. அப்புறம்? அதனால பேரவையில ஒரு முடிவு எடுத்திருக்கோம். நீங்க போறதுக்குள்ள இது வேலை செய்யும். இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்க பொண்ணு உங்களைப் பாக்கும். படம், ஒலி, ரெண்டு பக்கமும். இது என் வாக்கு."

ஹாஜா மைதீன் ரசியாவைப் பார்த்தார். ரசியா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனால் அவருக்கு அந்த 'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்' என்ற சொல் போதுமானதாக இருந்தது. தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "படிச்சவங்க சொல்றாங்க, செய்யட்டுமே ரசியா" என்றார். மறுபடி பெட்டி ஓடியது. மறுபடி ஃபேன் அந்தப் பக்கம் திரும்பியது.

ஆச்சரியம், புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை வேலை செய்தது. நீடாமங்கலத்துப் பேரவை அலுவலகத்திலிருந்து கிளமென்டின் முகம் ரசியா வீட்டுத் திரையில் நேராக, நிறத்தோடு, சத்தத்தோடு வந்து பல்லைக் காட்டியது. ஃபஹத் கூடத்தில் குதித்தான். ரசியாவுக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

உடனே பேராசிரியர் திட்டம் போட்டுவிட்டார். திருச்சி விமான நிலையத்துக்கு எப்படியும் நீடாமங்கலம் வழியாகத்தானே கார் போகும்? மாடியில் ஏறி ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, உலகத்துக்கே எடுத்துக்காட்டாகத் திரையில் மகளிடம் விடைபெற்றுவிட்டு, அப்படியே போய்விடலாம்.

அந்த ஊரில் வெளிநாடு போகிறவர் வீடுவீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனால் சொந்தத்தில் பேச்சு நின்றுபோகும். ஹாஜா மைதீன் மறுநாள் காலை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய், பெரியவர்கள், நோயாளிகள், சண்டைக்காரர்கள் எல்லாரிடமும் பயணம் சொன்னார். "போய்ட்டு வர்றேன், துஆ செய்யுங்க" என்று ஒவ்வொரு கையையும் பிடித்தார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் பெட்டிகளை ஏற்றிய கார் நின்றது. தஹ்மீனா பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பவா மச்சான்?" என்றாள் ரசியா.

அவர் குனிந்தார். கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

"வேணாம், எழுப்புனா அழுவா. காருக்குப் பின்னாலயே ஓடியாருவா, எனக்குத் தாங்காது. தூங்கட்டும். அங்கேருந்து பயணம் சொல்லிக்கிறேன். முழிச்சதும் தலை சீவி, அந்த மஞ்சக் கவுனப் போட்டு முன்னால உக்கார வை."

கார் போனதும் ரசியா பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, தலை சீவி, மஞ்சள் கவுனைப் போட்டாள். அவர் தம்மாமிலிருந்து வாங்கிவந்தது அது. பெட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார வைத்தாள். "அத்தா எங்க?" என்றது பிள்ளை. "இதுல வருவாங்க, பாரு" என்றாள். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

ரசியா தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், இது ஏண்டா ஓடுது?"

ஃபஹத் கீபோர்டைத் தட்டிப் பார்த்தான். "காலையில கிளமென்ட் அண்ணன் அங்கேர்ந்தே ஒரு அப்டேட் போட்டிருக்காருக்கா. இன்னிக்கு விசேஷம்ல, புது வெர்ஷன்ல இருக்கட்டும்னு."

நீடாமங்கலத்திலிருந்து போன் வந்தது. "வந்து உக்காந்துட்டேன் ரசியா. பொன்னாடையெல்லாம் போத்தறாங்க. இப்ப வந்துரும்னு சொல்றாங்க." பின்னால் பேராசிரியரின் குரல் கேட்டது: "கடல் கடந்து வாடும் தந்தைமார்களே..." அடுத்த போனில், "இன்னும் கொஞ்சம்தானாம்" என்றார். அதற்கடுத்த போனில் கீழே கார் ஹாரன் விடாமல் அடிப்பது கேட்டது. "டிரைவர் கத்துறாரு ரசியா. பிளைட்டு நிக்காது. நான் எறங்கறேன். பிள்ளைகிட்ட குடு."

ரசியா போனைப் பிள்ளையின் காதில் வைத்தாள். தஹ்மீனா தட்டிவிட்டது. "போன் வேணாம். இதுல வருவாங்கன்னு சொன்னீங்கள்ல? அத்தா வரட்டும்."

"அத்தா பேசறாங்கடி, ஒரு வார்த்தை பேசு!"

"வேணாம். வரட்டும்."

அவள் போனை எடுத்துக் காதில் வைத்தபோது படி இறங்கும் சத்தமும் கார்க் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. பிறகு அவர் அழுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது, லைன் நின்றது.

மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது எழுத்து ஓட்டம் நின்றது. திரை ஒரு தடவை மின்னியது. படம் வந்தது. அப்படி ஒரு படத்தைக் கூத்தாநல்லூரில் எந்த பிரவுசிங் சென்டரிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. உரக்கடை மாடியின் பச்சைச் சுவர் தெரிந்தது. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் அவசரத்தில் கழற்றிப் போட்ட பொன்னாடை. அதன் சரிகைகூட இழை இழையாகத் தெரிந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

கைத்தட்டல் கேட்டது. பேராசிரியர் வைத்தியலிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படத்துக்குள் வந்து, பொன்னாடையை நகர்த்திவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரியுதாம்மா? கேக்குதா?"

"அவங்க போயிட்டாங்க சார்" என்றாள் ரசியா. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "பிள்ளைகிட்ட பயணம் சொல்லாம போயிட்டாங்க. இனி வர எத்தனை வருஷமாகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"அது வேற விஷயம்மா. படம் வந்துச்சா, இல்லையா?"

தஹ்மீனா முக்காலியிலிருந்து இறங்கி, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனது. நாற்காலியின் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது.

"எந்திரிங்க" என்றது. "அது எங்க அத்தா உக்கார்ற எடம். அத்தா வரணும். நீங்க எந்திரிங்க."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. பின்னால் திரும்பி, "கேட்டீங்களா கிளமென்ட்? குழந்தையோட குரல் என்ன தெளிவு! ஒரு சொல் பிசகலையே!" என்றார். மாடியில் மறுபடியும் கை தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.